அம்மா ஓய்வு பெறுவதற்கு முன்பே எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியவை

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நாற்பது வருடங்களுக்கு மேலாகக் கொழுந்து பறித்த என் அம்மா, 2021ஆம் ஆண்டின் கடைசியில் அறுபது வயதில் ஓய்வு பெற்றார். அவருக்குச் சட்டப்படி சேர வேண்டிய ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி, பணிக்கொடை ஆகிய மூன்றையும் கையில் வாங்கி முடிப்பதற்குள் 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதி வந்துவிட்டது. அப்பா காலமாகி நெடுநாளாகிறது. தம்பி கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான், லீவு கேட்டால் அன்றைய சம்பளம் போய்விடும். ஆகவே, ஆசிரியையாக இருக்கும் நான் ஒருத்தியே எல்லா அலுவலகங்களுக்கும் அலைந்தேன். எங்கே எதைக் கேட்க வேண்டும், எந்தக் கடதாசியை எப்போது தயாரிக்க வேண்டும் என்று சொல்லித்தர எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) ஒருவரும் இருக்கவில்லை. அம்மாவுக்கு முன் ஓய்வு பெற்றவர்களில் பலர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கைநாட்டு வைத்துவிட்டு வந்தவர்கள். இனி ஓய்வு பெறப்போகும் தாய் தகப்பன்மாரின் பிள்ளைகள் என் அளவுக்கு அலையக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எங்களில் பலருக்கு இதுவே தெளிவாகத் தெரியாது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 வீதமும் தொழில் தருநரின் பங்காக 12 வீதமும் செல்ல வேண்டும். இந்தப் பணத்தைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும், வேலையிலிருந்து விலகியபின் கோரலாம். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில் தருநர் மட்டும் 3 வீதம் செலுத்துகிறார். இது 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம், இதற்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாவது, எங்கள் தோட்டங்களில் 'சர்விஸ் காசு' என்று சொல்லப்படும் பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இதைப் பற்றியது. ஐந்து வருடங்களுக்குக் குறையாமல் வேலை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாட் சம்பளம், கடைசியாகப் பெற்ற சம்பள வீதத்தில், வேலை முடிந்து 30 நாட்களுக்குள் கிடைக்க வேண்டும். இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு கதவுகள். ஒன்றைத் தட்டினால் மற்றது தானாகத் திறக்காது என்பதை அம்மா ஓய்வு பெற்றபின்தான் அறிந்தேன்.

தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர் ஐயா முதல் நாளே சொன்ன செய்தி, அம்மாவின் பெயர் எந்த இரண்டு பத்திரங்களிலும் ஒன்றாக இல்லை என்பது. செக்ரோலில் (தோட்டத்தின் வேலைநாள், சம்பளப் பதிவேட்டில்) இருந்தது வீட்டில் கூப்பிடும் பெயர். சேமலாப நிதி அட்டையில் அதே பெயர் இரண்டு எழுத்து மாறி, தாத்தாவின் பெயர் இல்லாமல் இருந்தது. தேசிய அடையாள அட்டையில் சிங்களத்தில் எழுதி அங்கிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்ட வேறொரு வடிவம். பிறந்த வருடமும் செக்ரோலுக்கும் அடையாள அட்டைக்கும் இடையே இரண்டு வருடம் வேறுபட்டது. "மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஆள் கையெழுத்து வைக்க முடியாதே" என்று அவர் சிரித்தபடி சொன்னார். அவருக்கு அது தினமும் பார்க்கிற விஷயம். எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. நாற்பது வருடம் ஒரே மலையில், ஒரே கொழுந்துக் கூடையைச் சுமந்த பெண்ணிடம் நீ யார் என்று நிரூபித்துவிட்டு வா என்று சொல்லப்பட்டதை அம்மா அமைதியாகக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் "நமக்கு எந்த வேலதான் ஒரே தடவையில முடிஞ்சிருக்கு பாப்பா" என்று மட்டும் சொன்னார். அந்தப் பொறுமை எனக்கு அன்று கோபத்தையே தந்தது.

அந்தப் பெயர் வேறுபாடு ஒரு கிளாக்கரின் கவனக்குறைவால் வந்ததென்று நான் ஆரம்பத்தில் நினைத்தேன். தோண்டத் தோண்டத்தான் அதன் வேர் எவ்வளவு பழையது என்று விளங்கியது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த எங்கள் மலையக மக்களில் பெரும்பான்மையோர் நாடற்றவர்களாயினர். அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களுக்கிடையே கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்குவது, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்ப்பது என்று தலைகள் பங்கிடப்பட்டன. அந்த எஞ்சியவர்களையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அம்மா பிறந்தது 1961இல். தாத்தா இந்தியாவுக்கு விண்ணப்பித்தார், கடவுச்சீட்டும் வாங்கினார், ஆனால் புறப்படவில்லை. பாட்டியின் நோய் ஒரு காரணம், மலையை விட்டுப் போக மனமில்லாதது இன்னொரு காரணம். பிறகு யுத்தம் தொடங்கி 1984இல் தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பலும் நின்றுபோயிற்று. 1988ஆம் ஆண்டின் சட்டம் இந்தியாவுக்கு விண்ணப்பிக்காதவர்களுக்கு வழி திறந்தது. எங்கள் குடும்பம் அதற்குள் வரவில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபோதுதான், அந்த வருடக் கடைசியில் சில நாட்களுக்குள் ஏறத்தாழ 190,000 பேர் பிரஜைகளான அந்த முகாம்களில், அம்மாவும் வரிசையில் நின்று பிரஜையானார். அப்போது அவருக்கு 42 வயது. அடையாள அட்டை அதற்கு அடுத்த வருடம் வந்தது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அம்மா 1979இல் பேர் பதிந்து வேலைக்குச் சேர்ந்தபோது, அவருடைய பெயரை ஒப்பிட்டுப் பார்க்க எந்த அரச பத்திரமும் இருக்கவில்லை, இருக்கவும் முடியாது. பெரட்டுக் களத்தில் (காலையில் தொழிலாளரைப் பேர் கூப்பிடும் இடத்தில்) கணக்கப்பிள்ளை காதில் விழுந்ததை எழுதினார். கால் நூற்றாண்டு கழித்து நடமாடும் சேவையில் ஓர் உத்தியோகத்தர் தன் காதில் விழுந்ததைத் தன் மொழியில் எழுதினார். 1948இல் எடுக்கப்பட்ட ஒரு முடிவு 2022இல் ஒரு கிழவியின் காசோலையை நிறுத்திவைத்தது எப்படி என்று யாராவது கேட்டால், நான் அந்த இரண்டு பதிவேடுகளையும்தான் காட்டுவேன். சட்டம் திருத்தப்பட்டுவிட்டது உண்மை. பதிவேடுகளை யாரும் திருத்தவில்லை. அவற்றைத் திருத்தும் செலவு, பஸ் காசிலிருந்து போட்டோ கொப்பி வரை, எங்கள் தலையில்தான் விழுகிறது.

ஆகவே நான் முதலாவதாகச் சொல்ல விரும்புவது, உங்கள் அம்மாவோ அப்பாவோ வேலையில் இருக்கும்போதே, ஓய்வுக்கு ஐந்து வருடங்களுக்கு முன்பாவது, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, செக்ரோல், சேமலாப நிதி அட்டை, வங்கிப் புத்தகம் ஆகிய ஐந்தையும் ஒரே மேசையில் வைத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அப்போதே தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவித்து, அடையாள அட்டையின் பிரதியோடு திருத்தக் கோருங்கள். வேலையில் இருக்கும் தொழிலாளியின் கடிதத்துக்கு நிர்வாகம் பதில் சொல்லியே ஆக வேண்டிய ஒரு நிர்ப்பந்தம் இருக்கிறது. ஓய்வு பெற்றவரின் கடிதம் மேசையின் அடியில் போய்விடுகிறது.

அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, உத்தேச வயதுப் பத்திரம் மட்டுமே இருந்தது. மூன்று பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்பதற்குப் பழைய ஆதாரம் ஒன்று வேண்டுமென்று சொன்னார்கள். தாத்தாவின் தகரப் பெட்டியில் கிடந்த இந்தியக் கடவுச்சீட்டைத் தூக்கிக்கொண்டு போனபோது, அது பிரச்சினையைக் கூட்டிவிடுமோ என்று பயந்தேன். ஆனால் அதில் பிள்ளைகளின் பெயர்களும் பிறந்த வருடங்களும் எழுதப்பட்டிருந்தன, அம்மாவின் வருடம் அடையாள அட்டையோடு பொருந்தியது. எங்களை அனுப்பிவிடுவதற்காகத் தயாரிக்கப்பட்ட பத்திரமே, அம்மா இங்கேதான் பிறந்து வளர்ந்தார் என்பதற்கு முதல் சாட்சியாயிற்று. இரண்டாவது சாட்சி தோட்டத்துப் பாடசாலையின் பழைய சேர்விடாப்பு. அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஆனாலும் 1960களின் இறுதியில் சேர்த்த பதிவு இருந்தது. அந்தப் பாடசாலையை அரசு பொறுப்பேற்றபோது பழைய இடாப்புகளை எரிக்காமல் அலுமாரியில் பூட்டி வைத்திருந்த யாரோ ஓர் அதிபருக்கு என் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பாடசாலை இடாப்பு, கோயில் அல்லது தேவாலயப் பதிவு, பழைய வாக்காளர் இடாப்பின் அத்தாட்சிப்படுத்திய பிரதி, பழைய சம்பளத் துண்டுகள், தொழிற்சங்க அட்டை ஆகியவற்றில் எதையும் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். இவற்றோடு சமாதான நீதவான் முன்னிலையில் கையெழுத்திட்ட சத்தியக் கடதாசியும், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழும், அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் சேர்ந்தபோதுதான் கோப்பு அசையத் தொடங்கியது.

மேலொப்பம் என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன். அதற்காக விடியற்காலையில் மலையிலிருந்து இறங்கி, வரிசையில் நின்று, 'இன்று ஐயா கூட்டத்துக்குப் போய்விட்டார்' என்று கேட்டுத் திரும்பிய நாட்களை நினைத்தால் இப்போதும் கால் வலிக்கிறது. அந்த உத்தியோகத்தர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் எங்கள் மாவட்டத்தின் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு ஐந்தே ஐந்து பிரதேச செயலகங்கள் இருந்தன. தோட்டங்கள் அடர்ந்த நுவரெலியா, அம்பகமுவ ஆகிய செயலகங்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு இலட்சத்துக்கு மேல் மக்கள். நாடு முழுவதும் எடுத்தால் ஒரு செயலகத்துக்குச் சராசரியாக 60,000 பேர் அளவில்தான் வருகிறது. நோர்வூட், தலவாக்கலை போன்ற புதிய பிரிவுகள் நெடுங்காலக் கோரிக்கைக்குப் பிறகே உருவாக்கப்பட்டன. பிரதேச சபைகளின் கதையும் இதுதான். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் வீதி போடவும் விளக்குப் போடவும் சபைக்கு அதிகாரமில்லை என்று சொல்லிவந்தார்கள். அது திருத்தப்பட்டது 2018இல். சபைத் தேர்தலில் நாங்கள் வாக்களிக்கலாம், அந்தச் சபை எங்கள் வாசலுக்கு வர முடியாது என்ற நிலை முப்பது வருடங்கள் நீடித்தது. தோட்டம் என்றால் துரையின் எல்லை, கிராமம் என்றால் அரசின் எல்லை என்று வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட கோடு, வரிசையில் நிற்பவரின் கால்களுக்குத்தான் தெரியும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேமலாப நிதி தொடர்பாக எனக்கு வந்த முதல் இரண்டு கடிதங்களும் சிங்களத்தில் மட்டுமே இருந்தன. எனக்குப் பேச்சுச் சிங்களம் தெரியும். அலுவலகச் சிங்களம் வேறு. முதல் கடிதத்தை வாசிக்க ஆள் தேடிப்பிடிப்பதற்குள், அதில் குறிப்பிட்ட திகதி கடந்துவிட்டது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தின் பின் தமிழும் அரச கரும மொழி என்பதும், அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயப்படி தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் எனக்கு உரிமை உண்டு என்பதும் பாடப்புத்தகத்தில் நான் பிள்ளைகளுக்குக் கற்பித்த விஷயங்கள். மூன்றாவது கடிதத்திலிருந்து ஒவ்வொன்றின் மேலும் 'பதிலைத் தமிழில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதத் தொடங்கினேன். பதில் சற்றுத் தாமதமாக வந்தது, ஆனால் தமிழில் வந்தது. கேளுங்கள், கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். அம்மாவை அந்த மேசை முன்னால் ஒருமையில் விளித்து, "இந்தியாவுக்குப் போகாமல் ஏன் நின்றாய்" என்று ஒருவர் விளையாட்டாகக் கேட்டபோது என் கண் கலங்கிவிட்டது. அன்று நான் ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை போகும்போது எல்லாவற்றையும் எழுத்தில் கொண்டுபோனேன், ஒவ்வொரு கடிதத்தின் பிரதியிலும் திகதி முத்திரை குத்தித் தரும்படி கேட்டேன், முத்திரை தராவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டேன். தபாலைப் பற்றி ஒரு குறிப்பு: எங்கள் லயத்துக்கு வீட்டு இலக்கம் இல்லை, கடிதங்கள் தோட்ட ஆபீஸுக்குத்தான் வரும். நான் பாடசாலை முகவரியைக் கொடுத்தேன். நகரத்தில் நம்பிக்கையான கடையோ உறவினர் வீடோ இருந்தால் அந்த முகவரியைக் கொடுப்பது நல்லது.

பெயர் சரியானபின் அடுத்த முடிச்சு, அம்மாவுக்குச் சேமலாப நிதியில் ஒன்றுக்கு இரண்டு அங்கத்துவ இலக்கங்கள் இருந்தது. அம்மா வேலைக்குச் சேர்ந்தபோது தோட்டம் அரச கூட்டுத்தாபனத்தின் கையில் இருந்தது. 1992இல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளுக்கு மாற்றப்பட்டபோது புதிய இலக்கம் கொடுக்கப்பட்டது. பழைய இலக்கத்தை அம்மா அறிந்திருக்கவே இல்லை. அந்தக் கணக்கு யாரும் கேட்காமல் கிடந்தது. 1992க்கு முன் வேலைக்குச் சேர்ந்த எவரும் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பழைய சம்பளத் துண்டு ஒன்றின் ஓரத்தில் அந்த இலக்கம் அச்சாகியிருந்ததால் தப்பினோம். 1980களின் கடைசியில் சில மாதங்களுக்குக் கட்டுப்பணம் செலுத்தப்பட்டதற்கான பதிவு இல்லை என்று தெரிந்ததும், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அரச அலுவலகம் 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை அறிவிக்க வேண்டும். மாதக்கணக்கில் 'பார்த்துச் சொல்கிறோம்' என்றவர்கள், அந்த விண்ணப்பத்துக்குப் பிறகு மாதவாரியான விவரத்தை எழுத்தில் தந்தார்கள். நான் கற்ற எல்லாவற்றிலும் அதிகம் பயன்பட்டது இதுதான். விடுபட்ட அந்த மாதங்களின் பணம் இன்னும் வரவில்லை. எங்கள் முறைப்பாடு தொழில் திணைக்களத்தில் இருக்கிறது. தாமதித்த கட்டுப்பணத்துக்குத் தொழில் தருநரிடம் 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் அறவிடச் சட்டம் இடம் தருகிறது என்பதையும் அங்கேதான் அறிந்தேன்.

சர்விஸ் காசு விஷயத்தில் நான் கணக்குப் பார்க்காமல் இருந்திருந்தால் பெருந்தொகை போயிருக்கும். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருந்தது. தோட்டம் கொடுத்த தாளில் சேவைக்காலம் 1992இலிருந்து 29 வருடங்கள் என்று எழுதி, 29 × 14 × 1,000 = 406,000 ரூபாய் என்று கணித்திருந்தார்கள். அம்மா 1979இலிருந்து இடைவிடாமல் வேலை செய்தவர். 42 வருடங்களுக்கு அது 588,000 ரூபாய். பதின்மூன்று வருட உழைப்பு, 182,000 ரூபாய், ஒரு தாளில் இல்லாமல் போயிருந்தது. பழைய கணக்கைக் காட்டும் சம்பளத் துண்டுகளோடு மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தேன், விசாரணை நடந்தது, தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் வந்து சாட்சி சொன்னார். முழு வருடங்களையும் ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் தவணை முறையில்தான் தந்தார்கள். 30 நாட்களுக்குப் பிந்தினால் தாமதத்துக்கு ஏற்ப 10 முதல் 30 வீதம் வரை மேலதிகத் தொகை உண்டு என்பதை விசாரணையில் நீங்களே எழுப்ப வேண்டும், மறுதரப்பு எழுப்பாது. கையெழுத்து வைக்குமுன் கணக்குத் தாளின் பிரதியைக் கேட்டு வாங்கி, ஒரு நாள் வீட்டில் வைத்துப் பாருங்கள். அன்றே வைக்கச் சொல்லி அவசரப்படுத்தினால், அந்த அவசரத்துக்கு என்ன காரணம் என்று யோசியுங்கள்.

இழந்த பணத்தைச் சொல்கிறேன். பஸ், முச்சக்கரவண்டி, பிரதிகள், முத்திரை, சத்தியக் கடதாசிகள், என் சம்பளமற்ற விடுமுறை எல்லாம் சேர்ந்து ஐம்பதாயிரத்தை நெருங்கியது. அதற்காக அடகு வைத்த சங்கிலியின் வட்டி தனி. அதைவிடப் பெரிய இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. எங்கள் பணம் கோப்புகளுக்குள் கிடந்த 2022இல்தான் நாடு வங்குரோத்தானது. அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. சேமலாப நிதிக்கு அந்த வருடம் கிடைத்த வட்டி 9 வீதம். அம்மாவின் ஒரே ஆசை லயன் காம்பராவின் கூரைத் தகரங்களை மாற்றி, இஸ்தோப்பை (முன் விறாந்தையை) சற்று இழுத்துக் கட்டுவது. பணம் கைக்கு வந்தபோது தகரத்தின் விலை இரு மடங்கைத் தாண்டியிருந்தது. கூரையை மாற்றினோம், இஸ்தோப்பு அப்படியே நிற்கிறது. டீசல் இல்லாமல் பஸ்கள் ஓடாத மாதங்களில் அலுவலகங்களுக்கும் போக முடியவில்லை. அந்நாட்களில் இரவில் எனக்கு நித்திரை வராது. வசதியுள்ளவருக்குத் தாமதம் என்பது எரிச்சல். அன்றாடம் உழைத்துச் சாப்பிட்டவருக்குத் தாமதம் என்பது பறிமுதல்தான்.

என்னோடு படிப்பிக்கும் சிங்கள ஆசிரியை ஒருவர், தோட்டத்தின் எல்லைக்கு அப்பால் உள்ள கிராமத்தைச் சேர்ந்தவர். என் கடிதங்களை எனக்கு வாசித்துக் காட்டியவர் அவர்தான். அவர் இல்லாவிட்டால் இன்னும் சில மாதங்கள் போயிருக்கும். அவருடைய தகப்பன் அரச பாடசாலையில் சிற்றூழியராக இருந்து ஓய்வு பெற்றவர், மாதாமாதம் ஓய்வூதியம் வங்கிக்கு வருகிறது. அவர்களுக்குக் காணி உறுதி இருக்கிறது. மகளின் படிப்புக்கு அதை வைத்துக் கடன் எடுத்தார்கள். எங்கள் வீடுகள் நிற்கும் நிலம் எங்களுடையதல்ல. சேமலாப நிதி மீதியைக் காட்டி வீட்டுக் கடன் எடுக்கும் திட்டம் பல வருடங்களாக உண்டு, ஆனால் அம்மாவிடம் காட்டுவதற்கு ஓர் உறுதி இல்லை. பெண்களுக்கு ஆண்களின் நாட்சம்பளமே கொடுக்கப்பட்டது 1984இலிருந்துதான், அதற்கு முந்திய வருடங்களின் கட்டுப்பணம் அந்தக் குறைந்த சம்பளத்திலிருந்து போனது. ஓய்வூதியம் இல்லை, நிலம் இல்லை, ஆரம்பச் சம்பளம் குறைவு. இவ்வளவும் சேர்ந்துதான், நாற்பது வருடம் உழைத்தவரின் மொத்தச் சேமிப்பு எட்டு இலட்சத்தைச் சற்றுத் தாண்டியதில் நின்றது. எங்கள் இரு குடும்பங்களும் ஒரே மழையில் நனைந்து, ஒரே ஆற்றில் தண்ணீர் அள்ளியவை. திறமையோ உழைப்போ குறைந்து நாங்கள் பின்தங்கவில்லை. சமமாகத் தொடங்க அனுமதிக்கப்படாதவர்களிடம், இன்று சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று சொல்லும்போது, அந்தச் சொல்லே எங்களைக் குற்றவாளியாக்குகிறது.

இன்னும் சில விஷயங்கள். வங்கிக் கணக்கை வேலையில் இருக்கும்போதே, அடையாள அட்டையில் உள்ள அதே பெயரில் திறந்துவிடுங்கள். எங்களுக்கு முகவரிச் சான்று இல்லாததால் அதற்கும் கிராம உத்தியோகத்தரின் கடிதம் தேவைப்பட்டது. நம்பிக்கை நிதிக்கு விண்ணப்பிக்கப் பலர் மறந்தே போகிறார்கள். சேமலாப நிதியின் 'கே' படிவத்தோடு அதையும் அன்றே நிரப்பிவிடுங்கள். அங்கத்தவர் இறந்துவிட்டிருந்தால் உரித்தாளிகள் நிரப்ப வேண்டியது 'எல்' படிவம். பின்னுரித்தாளியாக யாரைக் குறித்திருக்கிறார்கள் என்பதையும் உயிரோடு இருக்கும்போதே பாருங்கள், இறந்துபோன கணவரின் பெயரே இன்னும் இருக்கக்கூடும். அலுவலக வாசலில் நின்று, பத்து வீதம் தந்தால் ஒரு மாதத்தில் எடுத்துத் தருகிறேன் என்றவரிடம் நான் அடையாள அட்டையைக் கொடுக்கவில்லை. பக்கத்து லயத்தில் ஓர் அம்மா கொடுத்துவிட்டு, அட்டையைத் திரும்ப வாங்கவே மறுபடி பணம் கட்டினார். வழக்கறிஞர் தேவைப்பட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்களில் வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுகிறார்கள். எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று தெரியாவிட்டால் 1919 என்ற இலக்கத்துக்குத் தமிழில் பேசிக் கேட்கலாம்.

இப்போது சித்தியின் கோப்பைத் தொடங்கியிருக்கிறேன். அவருக்கு ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் உண்டு. செக்ரோலில் பெயரைத் திருத்தும் கடிதத்தைச் சென்ற மாதம் கொடுத்தோம். பிரதியில் முத்திரை இருக்கிறது. பழைய அங்கத்துவ இலக்கத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். எங்கள் டிவிசனில் ஐம்பது வயதைக் கடந்த மற்றவர்களின் பத்திரங்களையும், பாடசாலை விடுமுறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் சிலர் படிவங்களை நிரப்ப வருகிறார்கள்.